பாதியில நிறுத்தின டெஸ்ட்

குமரேசனுக்கு,

அன்புள்ளன்னு அடிக்கத்தான் கை போச்சு. நிறுத்திட்டேன். அந்த வார்த்தைய இன்னிக்கு உனக்கு அடிச்சா அது பொய். இந்தக் கடுதாசில ஒரு பொய்யும் இருக்கக் கூடாதுன்னுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல கிளாஸை எல்லாம் முடிச்சு அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கினு, தமிழ் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். கவரை ஒட்டப் போறதில்லை. போஸ்ட்மேன் படிச்சாலும் படிக்கட்டும். உன் கிளாஸ் பசங்க கைல கிடைச்சா இன்னும் நல்லது, சத்தமாப் படிக்கட்டும். நாங்க எப்படி இருக்கோம்னு நீயும் கேக்க வேணாம், நீ எப்படி இருக்கேன்னு நானும் கேக்கலை. எப்படி இருக்கேன்னுதான் என் கண்ணாலயே பாத்துட்டு வந்தேனே.

நான் விழுப்புரம் வந்தது உனக்குத் தெரியாது. உங்கப்பாவோட பழைய ரயில்வே சிநேகிதங்களுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தேன். வைச்சு முடிச்சதும், புள்ளைய ஒரு நடை பாத்துட்டுப் போலாம்னு தோணுச்சு. கேப்பை அடை சுட்டு டப்பால வச்சு எடுத்தாந்திருந்தேன், முருங்கைக்கீரை போட்டு, உனக்குப் பிடிச்ச மாதிரி. உன் கம்ப்யூட்டர் சென்டர் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, ஏசி காத்து வெளிய போகாம இருக்கத் தொங்க விட்டிருக்கியே திரை, அதுக்கு இந்தப் பக்கம் நின்னேன். உள்ள கிளாஸ் நடக்குது. பாடத்துக்கு நடுவுல நுழையக் கூடாதுன்னு ஒரு வாத்தியாரம்மாவுக்குத் தெரியாதா, அதான் நின்னேன். நீ பேசினது பூரா கேட்டுச்சு. 'மிஷினை அணைக்கறதுக்கு முன்னாடி ஹெட்டைப் பார்க் பண்ணணும். ஹெட்டுன்னா டிஸ்க்கைப் படிக்கிற ஊசி மாதிரி. அதை ஓரமாக் கொண்டு போய் நிறுத்திட்டுத்தான் கரண்டை அணைக்கணும். இல்லைன்னா இன்னா ஆகும்? நம்ம சென்டர்லயே ஒரு பொண்ணு வேலை செஞ்சுச்சு. வீட்டுக்கு ஓடற அவசரம். டபால்னு சுவிட்சை அணைச்சுட்டுப் போயிடுச்சு. டிஸ்க் காலி. மொத்தக் கரும்பு லிஸ்ட்டும் காலி. டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆயிட முடியாது.' இப்படிச் சொன்னே. பசங்க சிரிச்சுதுங்க. அதுங்க சிரிச்சதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நீயும் கூடச் சேந்து சிரிச்சே பாரு, அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு நான் செருப்பை மாட்டிக்கினு கிளம்பிட்டேன். அந்த அடையைத் திண்டிவனம் வர்ற பஸ்ஸுல நானே தின்னு முடிச்சேன்.

அந்த 'ஒரு பொண்ணு' யாருன்னு உனக்குத் தெரியும். இந்தக் கடுதாசியைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். அவ பேரு அருள்மேரி. திண்டிவனத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு, அப்பா கொத்தனாரு. என்கிட்ட டைப்ரைட்டிங் கத்துக்கினு, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஹையர் பாஸ் பண்ணினவ. நான் இத்தனை வருஷத்துல பாத்த கைகள்ல அது ரொம்ப சுத்தமான கை. நீ சென்டர் ஆரம்பிக்கறேன், நல்ல ஆள் ஒண்ணு குடும்மான்னு கேட்டப்போ நான்தான் அவளைக் கொண்டாந்து விட்டேன். விடியக்காலை எழுந்து சோறு கட்டிக்கினு, ரயிலைப் பிடிச்சு விழுப்புரம் வந்து, உனக்கு முன்னாடி வாசல்ல நிக்கிறவ. அவளைப் பத்தித்தான் நீ பாடம் எடுத்தே.

இப்ப நடந்ததை நடந்தபடி சொல்றேன். நீ ஒண்ணொண்ணையும் ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி சொல்லி வச்சிருக்கே, உனக்கே எது நெஜம்னு மறந்திருக்கும்.

அந்தச் சர்க்கரை ஆலைக்காரங்க, காணை ஊருப் பக்கம் கரும்பு போட்டிருக்கிற விவசாயிங்க பேரு, எவ்வளவு நிலம், எப்ப நட்டாங்க, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரச் சொல்லி உன்கிட்ட வேலை குடுத்தாங்க. யார் எப்ப நட்டாங்களோ அந்த வரிசைலதான் வெட்டு உத்தரவு வரும். வரிசை தப்பினா கரும்பு வயல்லயே காயும். அவ்வளவு பெரிய லிஸ்ட்டுக்கு ஃப்ளாப்பி பத்தாது, ஹார்டு டிஸ்க் வேணும்னு மெட்ராஸ் போய் வாங்கிக்கினு வந்தே. பஸ்ஸுல குலுங்கக் கூடாதுன்னு துண்டுல சுத்தி மடியில வச்சுக்கினு வந்தேன்னு பெருமையாச் சொன்னே. நானும் பெருமைப்பட்டேன், மறைக்கலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிட உக்காந்தப்போ நீதான் எங்களுக்கு விளக்கினே. புது டிஸ்க்கை வாங்கினதும் அப்படியே வேலைக்கு விடக் கூடாதாம். அது உழாத நிலம் மாதிரியாம். முதல்ல அதுல கோடு போட்டுப் பாத்தி பிரிக்கணுமாம், அதுக்குப் பேரு ஃபார்மட்டாம். எந்த டிஸ்க்குலயும் நாலு எடம் களர் இருக்குமாம், கம்பெனிக்காரனே அந்த எடத்தோட நம்பரை எல்லாம் அச்சடிச்சு டிஸ்க்கு மேலயே ஒட்டி அனுப்புவானாம். ஃபார்மட் பண்றப்போ அந்த நம்பரை ஒண்ணு விடாம அடிச்சுக் குடுத்தா, அங்க எதையும் எழுதாம மிஷின் தாண்டிப் போயிடுமாம். அதுக்கப்புறமும் நம்பிடக் கூடாதாம். டிஸ்க் பூரா எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சு, சரியா வருதான்னு ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பாக்கணுமாம். அதுல தேறினாத்தான் ஊரான் வேலைய அதுல வைக்கலாம்னு கடைக்காரர் கண்டிஷனாச் சொல்லி அனுப்பினாராம். நீ சாம்பார் சோத்தைக் கையில வச்சுக்கினு இதை எல்லாம் சொன்னப்போ, பரவாயில்லை, புள்ள தொழிலைத் தொழிலாக் கத்துக்கினு வந்திருக்கான்னு நெனைச்சேன்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை வச்சோம். ராகு காலத்துக்கு முன்னாடி கற்பூரம் காட்டிடணும்னு நேரம் பாத்துக் குடுத்தது நான். நான் வந்து சேந்தப்போ மிஷினோட மூடி கழட்டிக் கெடந்துச்சு, டெஸ்ட் ஓடிக்கினு இருந்துச்சு. ஸ்கிரீன்ல வரி வரியா வந்துச்சு. இங்கிலீஷ் எனக்குத் தெரியும்டா. பேட், பேட்னு வந்துச்சு. 'இன்னாடா இது'ன்னு கேட்டேன். 'அது ஒண்ணும் இல்லைம்மா, மேல ஒட்டியிருக்கிற நம்பரை எல்லாம் அடிக்காம விட்டுட்டேன், அதான் காட்டுது. திரும்ப முதல்லருந்து பண்ணினாப் போயிடும்'னே. 'அப்பப் பண்ணேன்டா.' 'எப்படிம்மா பண்றது, ஆலை ஆபீசரு வந்துக்கினு இருக்காரு. அவரு வர்றப்போ ஸ்கிரீன்ல கரும்பு லிஸ்ட் ஓடணும்.' 'ஓடுற டெஸ்ட்டாவது முடியட்டும்டா, பாதியில நிறுத்தாதே.' 'உனக்கு இன்னாம்மா தெரியும், ஜல்தியாக் கற்பூரத்தை ஏத்து.' இதைச் சொல்லிக்கினே ரெண்டு பட்டனை அமுக்கினே. டெஸ்ட் நின்னுச்சு. அப்புறம் கிண்ணத்துல இருந்த சந்தனத்தை மூணு விரல்ல வழிச்சு, டிஸ்க்கு மேல ஒட்டியிருந்த அந்தக் காகிதத்துலயே பட்டையா இழுத்து, நடுவுல குங்குமம் வச்சே. களர் எங்க இருக்குன்னு எவனோ முகம் தெரியாத ஒருத்தன் உழைச்சுக் கண்டுபிடிச்சு எழுதி அனுப்பின நம்பரை எல்லாம் சந்தனம் போட்டு மெழுகினே. மூடியை மாட்டினே. ஆபீசரு வந்தாரு. லட்டு குடுத்தே. கை தட்டினாங்க.

இதுக்கு நீ இன்னா சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். 'நீதானேம்மா நல்ல நேரம் பாத்துக் குடுத்தே'ன்னுவே. ஆமா குடுத்தேன். கற்பூரம் ஏத்த நேரம் குடுத்தேன், டெஸ்ட்டை நிறுத்த நேரம் குடுக்கலை. ஓடுற மிஷினுக்குக் கற்பூரம் காட்டினா சாமி வேணாம்னா சொல்லப் போவுது? புள்ளைங்களுக்குக் கடுதாசி எழுதுற அம்மாமாருங்க நடுவுல ஒரு எடத்துல, என் மேலயும் தப்பு இருக்குடா கண்ணுன்னு மூக்கைச் சிந்துவாங்க. நானும் ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன், நம்ம பங்கு இன்னா இருக்குன்னு. ஒண்ணும் இல்லை. இது முழுக்க முழுக்க உன்னுது.

புதுசா வர்ற மிஷினை எப்படிப் பாக்கணும்னு நீ மெட்ராஸ் போயா கத்துக்கணும்? இந்த இன்ஸ்டிடியூட்லதானே வளந்தே. புது டைப்ரைட்டர் வந்தா கிளாஸ்ல வைக்கறதுக்கு முன்னாடி நான் எல்லா எழுத்தையும் ஒண்ணு விடாம அடிச்சுப் பாப்பேன், பாத்திருக்கே. ஒருக்கா வந்த தமிழ் மிஷின்ல 'ழ' மட்டும் ஒரு மயிரிழை தூக்கி விழுந்துச்சு. வெளியூர்லருந்து கொண்டாந்தவன் வாசல்ல வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான். 'பரவாயில்லைம்மா, ஒரே ஒரு எழுத்துதானே'ன்னு நீ என் புடவையைப் பிடிச்சு இழுத்தே. நான் திருப்பித்தான் அனுப்பினேன். பரீட்சைல அந்த ஒரு எழுத்துக்கு மார்க் போறது மிஷினுக்கு இல்லை, அதுல உக்கார்ற புள்ளைக்குன்னு உனக்கு அப்பவே சொன்னேன். உங்கப்பா கூட ஜங்ஷனுக்குக் கூட்டிக்கினு போயிருக்காரு. வண்டி வந்து நின்னதும் ஒரு ஆள் சுத்தியலை எடுத்துக்கினு ஒவ்வொரு சக்கரமாத் தட்டிக்கினே போவாரு, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு. 'இவ்வளவு தூரம் நல்லாத்தானேப்பா ஓடி வந்துச்சு, அப்புறம் ஏன் தட்டறாரு'ன்னு நீ கேட்டே. 'இன்னும் ராமேஸ்வரம் வரைக்கும் போவணுமேடா, உள்ள தூங்கறவங்க இவரை நம்பித்தானே தூங்கறாங்க'ன்னாரு உங்கப்பா. நாலு நாள் வீட்டுல இருந்த சாமானை எல்லாம் கரண்டியால தட்டிக்கினு திரிஞ்சே. எல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சே பண்ணினே, அதான் எனக்கு வயிறு எரியுது.

அதுக்கப்புறம் நடந்ததை நான் இப்பத்தான் கேட்டேன். உன் கிளாஸ் வாசல்லருந்து திரும்பின மறுநாளே அருள்மேரி வீட்டுக்குப் போனேன். அவ வாயால கேட்டேன். சுலபமாச் சொல்லலை, பிடுங்கிப் பிடுங்கித்தான் கேட்டேன். மூணு மாசம் அந்த லிஸ்ட்டை ஒத்தையா உக்காந்து அடிச்சிருக்கா. ஆரம்பத்துலயே 'ஃப்ளாப்பில கொஞ்சம் கொஞ்சமா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம் சார்'னு கேட்டிருக்கா. 'புது டிஸ்க்கு இருக்கறப்போ ஃப்ளாப்பி எதுக்கு'ன்னே. பாதிக்கு மேல போனப்போ, 'காணைப் பக்கத்துப் பேருங்க சிலது வர மாட்டேங்குது சார், படிக்க முடியலைன்னு மெசேஜ் வருது'ன்னு சொல்லியிருக்கா. உனக்கு உடனே தெரிஞ்சிருக்கும், அது அந்தக் களர் எடத்துல எழுதினதுன்னு. நீ 'ஏசி பத்தலை, அதான்'னே. ஒரு நாள் காலைல மிஷின் எழுந்திரிக்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மிஷினை அணைச்சது அவ இல்லைடா. நீ. அவ நாலரை மணி ரயிலுக்கே கிளம்பிட்டா. நீ இருந்து பூட்டிக்கினு போனே. ஹெட்டைப் பார்க் பண்ணினியா இல்லையான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். அது வேற நோயில செத்த டிஸ்க்கு.

ஆலைல வெட்டு உத்தரவு தடம் மாறிப் போச்சு. முன்னாடி நட்டவனுக்கு உத்தரவு வரலை, பின்னாடி நட்டவன் வெட்டிக்கினு போறான். காணைலருந்து டிராக்டர்ல ஏறிக்கினு ஆளுங்க உன் சென்டர் முன்னாடி வந்து இறங்கினாங்க. 'எங்க வயித்துல அடிச்சுட்டு ஏசில உக்காந்துக்கினு இருக்கியா'ன்னு ஒருத்தர் உள்ளயே வந்துட்டாராம், சேத்துக் காலோட. அப்ப நீ எழுந்து நின்னு, பக்கத்துல நின்னுக்கினு இருந்த பொண்ணைக் கைய நீட்டிக் காட்டி, 'இவதாங்க மிஷினைத் தப்பா அணைச்சுட்டா'ன்னே. அவ்வளவு பேரும் அவ பக்கம் திரும்பினாங்க. இன்னா கேட்டாங்கன்னு அவ எனக்குச் சொல்லலை. தலையக் குனிஞ்சுக்கினு, 'பேசினாங்க டீச்சர்'னு மட்டும் சொன்னா. 'நீ ஏன்டி வாயைத் திறக்கலை'ன்னு கத்தினேன். 'எனக்கு முதல்ல புரியலை டீச்சர், நெஜமாவே நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேனோன்னு நெனைச்சுட்டேன்'னா. அடப்பாவி. டிஸ்க் ஏன் போச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அந்த ரூம்ல நீதான். அவ தன்னையே சந்தேகப்பட்டுக்கினு மாசக்கணக்கா ராத்திரில முழிச்சுக்கினு கெடந்திருக்கா.

எங்ககிட்ட நீ இன்னா சொன்னே? டிஸ்க்கு கம்பெனி சரக்கே சரியில்லைன்னே. அருள்மேரி எங்கடான்னு கேட்டா, வீட்டுல கல்யாணம் பேசறாங்களாம், நின்னுட்டான்னே. நானும் பைத்தியக்காரி மாதிரி அவ பத்திரிகை வரும் வரும்னு பாத்துக்கினு இருந்தேன். 'ஏன்டி என்கிட்ட வந்து சொல்லலை'ன்னு அவளைக் கேட்டதுக்கு, 'உங்க புள்ளையாச்சே டீச்சர், உங்ககிட்டயே எப்படி வந்து சொல்றது'ன்னா. இதைவிட ஒரு அசிங்கம் எனக்கு இனிமே வரணுமா?

நீ நடை பழகறப்போ அடிக்கடி விழுவே. விழுந்ததும் உங்கத்தை ஓடி வந்து தரையைப் படார் படார்னு அடிப்பா. 'இதுதானேடா என் தங்கத்தைத் தள்ளி விட்டுச்சு, அடிச்சுட்டேன் பாரு'ம்பா. நீயும் அழுகைய நிறுத்திட்டு உன் பங்குக்கு ரெண்டு அடி அடிப்பே. வேணாம்க்கா, அவனாத்தானே விழுந்தான், எழுந்திரிக்கட்டும்னு நான் சொன்னா, எனக்குக் கல் மனசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சா. எல்லார் வீட்டுலயும் செய்யறதுதான், எல்லாப் புள்ளைங்களும் அதைத் தாண்டி வளந்துடுதுங்க. நீ வளரலை. முப்பது வயசு ஆகப் போவுது, இன்னும் விழுந்தா அடிக்க ஒரு தரை வேணும் உனக்கு. இந்தத் தடவை உனக்குத் தரையாக் கிடைச்சவ ஒரு கொத்தனாரு பொண்ணு.

அவ இப்ப இன்னா பண்றான்னு தெரியுமா? விதை மல்லாட்டை உரிக்கறா. மில்லுல உடைச்சா உள்ள இருக்கிற வேர்க்கடலை ரெண்டாப் போயிடும், விதைக்கு ஆகாதுன்னு கையாலதானே உரிப்பாங்க, அந்த வேலை. நான் போனப்போ பொம்பளைங்களோட பொம்பளையா ஒரு குவியலுக்கு முன்னாடி உக்காந்துக்கினு இருந்தா. என்னைப் பாத்ததும் கையைப் புடவைக்குள்ள மறைச்சுக்கினா. பிடிச்சு இழுத்துப் பாத்தேன். கட்டை விரல் நுனி பூரா வெடிச்சுக் கெடக்குது. மல்லாட்டை உரிக்கறது கேவலம்னு நான் சொல்லலை, எங்கம்மாவும் உரிச்சவதான். ஆனா அது அவளாத் தேடிக்கின வேலை இல்லை. டைப் அடிக்கிற எந்த எடத்துலயும் அவளை உள்ள விடலை. திண்டிவனத்துல புதுசா வந்த சென்டர்ல 'அந்த டிஸ்க்கைக் கெடுத்த பொண்ணா'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. வேலைன்னா இன்னும் ஒரே ஒரு எடந்தான் பாக்கி. குயிலாப்பாளையத்துல ஒரு ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு ஆள் வேணும்னு கேட்டு, இவளை உக்கார வச்சுப் பாத்து, ரொம்பப் பிடிச்சுப் போய், முன்னாடி எங்க வேலை செஞ்சேன்னு கேட்டிருக்காங்க. பாவி மக உண்மையச் சொல்லிட்டா. அவங்க உனக்குப் போன் பண்ணினாங்க. நீ இன்னா சொன்னே? 'கை நல்ல கைங்க, ஆனா மிஷினை நம்பிக் குடுத்துடாதீங்க'ன்னே. இதைச் சொல்ல உனக்கு எப்படிடா நாக்கு வந்துச்சு?

நானே அந்த ஆபீசுக்குப் போனேன். பஸ் மாறி, வெயில்ல நடந்து, அங்க ஆளெடுக்குற அம்மா முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். மரியாதையாக் கேட்டுக்கினாங்க. 'நீங்க அவளோட டீச்சருங்க, அவளுக்காகத்தான் பேசுவீங்க. வேலை குடுத்தவரு வாயால வந்தா நாங்க இன்னிக்கே எடுத்துக்குவோம்'னாங்க. அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது. எத்தனை நாள் காலியா வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் வேலை நடக்கணும் இல்லையா.

இதை அடிச்சுக்கினு இருக்கறப்போ உங்கப்பா ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டிட்டாரு. 'கல்யாணம் முடியட்டும்மே, இப்பப் போய் ஏன் பேஜாரு'ன்றாரு. அவரு நல்ல மனுஷன், யாரையும் நோவடிக்கத் தெரியாது. நான் சொன்னேன், கல்யாணம் முடிஞ்சா மறுவீடு விருந்துன்னுவீங்க, அப்புறம் மருமக முழுகாம இருக்கறா, இப்ப வேணாம்னுவீங்க, அப்புறம் பேரனுக்குக் காது குத்துன்னுவீங்க. நல்ல காரியம் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வந்துக்கினேதான் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொண்ணு அங்க மல்லாட்டை உரிச்சுக்கினு காத்திருக்கணுமா? இன்னும் வெளியதான் நின்னுக்கினு இருக்காரு, இருமல் கேக்குது.

உன் மாமனார் உனக்குப் பெரிய சென்டரா வச்சுத் தரப் போறாராம், நிறைய மிஷினு, நிறையப் பசங்க. வரட்டும். ஆனா நீ பாடம் சொல்லித் தர்றவன் ஆயிட்டே, அதான் எனக்குப் பயமா இருக்குது. கடன்காரன் பொய் சொன்னா அவனோட போயிடும். வாத்தியாரு சொல்ற பொய்யைப் பசங்க நோட்டுல எழுதிக்கினு போயி, பத்து ஊர்ல சொல்லுவாங்க. நாளைக்கு அந்தப் பசங்கள்ல ஒருத்தன் புது டிஸ்க் வாங்கிப் பிரிக்கறப்போ, சுவிட்சை மட்டும் பாத்து அணைச்சாப் போதும்னு நெனைச்சுக்குவான். மேல ஒட்டியிருக்கிற நம்பரை அடிச்சுக் குடுக்கணும், ஒரு நாள் பூரா ஓட விட்டுச் சோதிக்கணும்னு அவனுக்கு யாரு சொல்லுவா? அவன் சென்டர்லயும் ஒரு பொண்ணு ரயில் பிடிச்சு வருவா இல்லையா? அவளுக்கும் இதுதான் நடக்கும்.

அதனால நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன். முதல்ல குயிலாப்பாளையம் போ. போன்ல வேணாம், நேர்ல போ. போய் அந்தம்மாகிட்ட, டிஸ்க்கைக் கெடுத்தது நான், அந்தப் பொண்ணு இல்லைன்னு சொல்லு. அப்புறம் உன் கிளாஸுக்குப் போ. அதே பசங்க முன்னாடி, அன்னிக்கு நின்னியே அதே எடத்துல நில்லு. நான் அவசரத்துல டெஸ்ட்டைப் பாதியில நிறுத்தினேன், தப்பை மறைக்க இன்னொருத்தி மேல போட்டேன்னு சொல்லு. அன்னிக்கு மாதிரியே சிரிக்கட்டும், சிரிச்சா உன்னைப் பாத்துச் சிரிக்கட்டும். இது ரெண்டும் நடந்துச்சுன்னு தெரிஞ்சா நான் கல்யாணத்துக்கு முந்தின நாளே மண்டபத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னாடி நின்னு வேலை செய்வேன். நடக்கலைன்னா வர மாட்டேன். அம்மா எங்கன்னு சம்பந்தி வீட்டுல கேட்டா உடம்பு சரியில்லைன்னு சொல்லாதே. அந்தப் பொய்யும் எனக்கு வேணாம். இந்தக் கடுதாசியைக் குடு, படிச்சுக்கட்டும்.

அன்னிக்கு அவ வீட்டுலருந்து கிளம்பறப்போ அருள்மேரி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. நீ கிளாஸ்ல சொன்ன கதைய நான் அவகிட்டச் சொல்லலாமா வேணாமான்னு தவிச்சுக்கினு இருந்து, கடைசியில சொல்லிட்டேன். வேற யாரு வாயாலயோ கேக்கறதுக்கு என் வாயால கேக்கட்டும்னு. அழுவான்னு நெனைச்சேன். அழலை. பஸ் வர்ற திக்கைப் பாத்தா. அப்புறம், 'சாரு என் பேரைச் சொன்னாரா டீச்சர்?'னு கேட்டா. அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, 'இல்லைம்மா, பேரைச் சொல்லலை, ஒரு பொண்ணுன்னுதான் சொன்னான்'னேன். அதுக்கு அவ சொன்னா:

'பேரையாச்சும் சொல்லியிருக்கலாம் டீச்சர். சொல்லியிருந்தா, நான் இல்லைன்னு சொல்லவாவது என்னால வந்திருக்க முடியும்.'

அவ பேரு அருள்மேரி. கிளாஸ்ல அந்தப் பேரைச் சொல்லிட்டு ஆரம்பி.

உன்னைப் பெத்தவ.